இரண்டாம் மாரியோ யார்? – ஒரு வாரிசுரிமை வழக்கு

ஒரு படைப்பின் பெயருக்குப் பின்னால் '2' என்ற எண்ணைச் சேர்த்துவிட்டால் அது இரண்டாம் பாகமாகிவிடுமா? முதல் படைப்பை ஆக்கியவரே ஆக்கியிருந்தால் போதுமா? அதே கதைமாந்தர் வந்தால் போதுமா? அல்லது, முதல் படைப்பு நின்ற இடத்திலிருந்து ஓரடியேனும் முன்னே சென்றிருக்க வேண்டுமா?

இலக்கிய வாசகர்களுக்கு நன்கு பழக்கமான இக்கேள்விகள், வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றில் ஒரு விசித்திரமான வழக்காக எழுந்து, முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பேசப்பட்டு வருகின்றன. 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' என்ற ஒரே பெயரில் இரண்டு ஆட்டங்கள் உண்டு. ஒன்று 1986ல் ஜப்பானில் வெளியானது. மற்றொன்று 1988ல் அமெரிக்காவில் வெளியானது. இரண்டையும் வெளியிட்டது ஒரே நிறுவனம், நிண்டெண்டோ. ஆனால் ஒன்றில் உள்ள ஒரு கட்டம்கூட மற்றொன்றில் கிடையாது! அதுமட்டுமன்று, அமெரிக்கக் குழந்தைகள் மாரியோவின் இரண்டாம் பாகம் என்று நம்பி விளையாடியது, வேறொரு ஜப்பானிய ஆட்டத்தின் மாந்தர்க்கு மாரியோ வேடமிட்டு அனுப்பப்பட்ட ஒன்று.

இவ்வுண்மை வெளிப்பட்டபின் விளையாட்டு ஆர்வலர்களிடையே தொடங்கிய பட்டிமன்றம் இன்னும் ஓயவில்லை. அமெரிக்க ஆட்டம் உண்மையான இரண்டாம் பாகமா, அல்லது பெயர் மாற்றிய வெறும் 'போர்ட்'டா? ஒரு கருவிக்கென்று ஆக்கப்பட்ட ஆட்டத்தை வேறொரு கருவியில் இயங்குமாறு மாற்றித் தருவதை ஆங்கிலத்தில் அவ்வாறு அழைப்பர். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுசெல்வதை மொழிபெயர்ப்பு என்கிறோமே, அதுபோல இதைக் கருவிபெயர்ப்பு எனலாம்.

வழக்கை விசாரிக்குமுன் அதன் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

மூத்த பிள்ளை

நிண்டெண்டோ நிறுவனம் 'ஃபாமிகாம்' என்ற விளையாட்டுக் கருவியை ஜப்பானில் 1983ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று வெளியிட்டது. அமெரிக்காவில் அதே ஆண்டில் வீடியோ விளையாட்டுத் தொழில் சரிந்து விழுந்தது. தரமற்ற ஆட்டங்கள் சந்தையில் குவிந்தன, கடைக்காரர்கள் நட்டப்பட்டனர், இனி இத்தொழிலுக்கு எதிர்காலமில்லை என்றே பலர் முடிவு கட்டினர். இச்சூழலில்தான் 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வெளியானது. ஷிகேரு மியாமொட்டோவும் தகாஷி தெஸுகாவும் முன்னின்று உருவாக்கிய ஆட்டம் அது. இசை கோஜி கொண்டோவுடையது. எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்காக முப்பத்திரண்டு கட்டங்கள். மீசைக்காரரான மாரியோ வலப்புறமாக ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். எதிரியின் தலைமீது குதித்து அழிக்கவேண்டும். கடைசியில் இளவரசியை மீட்கவேண்டும். கடந்து வந்த இடத்துக்குத் திரும்பிச் செல்லத் திரை விடாது.

எளிய இந்த அமைப்பு உலகையே கட்டிப்போட்டது. உலகெங்கும் நான்கு கோடிப் பிரதிகளுக்குமேல் விற்ற இவ்வாட்டம், சரிந்து கிடந்த அமெரிக்கச் சந்தையை மீண்டும் எழுப்பியதில் பெரும்பங்கு வகித்தது. இத்தகைய வெற்றிக்குப்பின் இரண்டாம் பாகம் வராமலிருக்குமா?

சட்டப்படி வாரிசு

1986 பிப்ரவரியில் ஃபாமிகாமுடன் இணைக்கத்தக்க 'டிஸ்க் சிஸ்டம்' என்ற துணைக்கருவியை நிண்டெண்டோ வெளியிட்டது. விலை மிகுந்த கேட்ரிட்ஜ்களுக்குப் பதிலாக வட்டில் ஆட்டங்களைத் தருவது இதன் நோக்கம். பழைய ஆட்டம் அலுத்துவிட்டால், கடையில் வைத்திருக்கும் எந்திரத்தில் 500 யென் கொடுத்து அதே வட்டில் புதிய ஆட்டத்தை எழுதிக்கொள்ளலாம். 1986 ஜூன் 3 அன்று இவ்வட்டில்தான் ஜப்பானின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' வெளிவந்தது. தெஸுகா இயக்கினார்.

தோற்றத்தில் இது முதல் ஆட்டத்தைப் பெரிதும் ஒத்தது. அதே இயங்கமைப்பு, அதே எதிரிகள், அதே குழாய்கள். மாறியது ஒன்றுதான்: கடுமை. முதல் ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்காகவே ஆக்கப்பட்டது இது. உண்டால் வளரச்செய்யும் காளானைப் போலவே ஒரு நச்சுக்காளான், தொட்டால் தீங்கு. குதிக்கும்போது திசை தப்பச்செய்யும் காற்று. முன்னே அழைத்துச்செல்லும் என்று நம்பி நுழையும் குறுக்குவழிகளில் சில, ஆட்டக்காரரைப் பின்னால் தள்ளிவிடும்! முதல் ஆட்டத்தில் நிறத்தால் மட்டும் வேறுபட்ட தம்பி லூயிஜிக்கு இதில் தனித்தன்மை வந்தது. அவர் அண்ணனைவிட உயரமாகக் குதிப்பார். ஆனால் நின்ற இடத்தில் நில்லாமல் வழுக்குவார். இச்சிறு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். வழக்கின் முடிவில் தேவைப்படும்.

அமெரிக்கக் கிளைக்கு இந்த ஆட்டம் வந்துசேர்ந்தபோது, அதை விளையாடிப் பார்த்து மதிப்பிடும் பொறுப்பு ஹவார்ட் ஃபிலிப்ஸ் என்பவரிடம் இருந்தது. ஜப்பானிலிருந்து வரும் ஆட்டங்களில் எவை அமெரிக்கருக்கு ஏற்றவை என்று சொல்வதில் கைதேர்ந்தவர் அவர். இவ்வாட்டம் அவருக்கு மகிழ்ச்சியைத் தரவில்லை, தண்டனையாகவே தோன்றியது. இப்போதுதான் மீண்டெழுந்து வரும் சந்தையில், முதல் ஆட்டத்தை விரும்பி வந்த குழந்தைகளின் கையில் இதைக் கொடுத்தால் என்னாகும்? நிறுவனம் அவர் கருத்தை ஏற்றது. சட்டப்படியான வாரிசு கடல் கடக்கவில்லை. ஆனால் அமெரிக்காவுக்கு ஓர் இரண்டாம் பாகம் வேண்டுமே!

கனவுத் தொழிற்சாலையிலிருந்து வந்தவன்

ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சி நிறுவனம் 1987 கோடையில் 'யுமே கோஜோ' என்ற பெரும் கண்காட்சியை நடத்தியது. கனவுத் தொழிற்சாலை என்பது இதன் பொருள். அக்கண்காட்சிக்கென்று உருவாக்கப்பட்ட அடையாள மாந்தரை வைத்து நிண்டெண்டோ ஓர் ஆட்டத்தை உருவாக்கி, 1987 ஜூலை 10 அன்று வட்டில் வெளியிட்டது. பெயர் 'யுமே கோஜோ: டோக்கி டோக்கி பானிக்'. அச்சத்தில் நெஞ்சு அடித்துக்கொள்வதை நாம் 'திக்திக்' என்கிறோமே, அதுபோன்ற ஜப்பானிய இரட்டைக்கிளவிதான் 'டோக்கி டோக்கி'. இயக்கியவர் கென்ஸுகே தனாபே.

அதன் கதை சுவையானது. இரட்டைக் குழந்தைகள் ஒரு கதைப்புத்தகத்துக்காகச் சண்டையிடுகின்றனர். இழுபறியில் கடைசிப் பக்கம் கிழிந்துவிடுகிறது. புத்தகத்துக்குள் வாழும் மாமு என்ற தீயவன் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறான். (பெயரைக் கேட்டு நம்மூர் 'மாமு' என்று எண்ணிவிட வேண்டாம், இவன் தவளை உருவத்தவன்.) குழந்தைகளை மீட்க நால்வர் புத்தகத்துக்குள் நுழைகின்றனர்: இமாஜின் என்ற இளைஞன், அவன் தாய், தந்தை, தோழி லீனா. நால்வர்க்கும் நான்கு இயல்புகள். இமாஜின் எல்லாவற்றிலும் நடுத்தரம். தாய் உயரமாகக் குதிப்பவள். தந்தை வலிமை மிக்கவர். லீனா சற்றுநேரம் காற்றில் மிதக்கவல்லவள்.

இவ்வாட்டத்தில் எதிரியின் தலைமீது குதித்தால் அவன் சாகமாட்டான்; அவன்மேல் நின்று சவாரி செய்யலாம்! அவனைத் தூக்கி இன்னொருவன்மேல் எறியலாம். மண்ணிலிருந்து காய்கறிகளைப் பிடுங்கி எறியலாம். மேலே ஏறலாம், கீழே இறங்கலாம், வந்த வழியே திரும்பலாம். கடைசியில் மாமுவை வீழ்த்தும் ஆயுதமும் காய்கறிதான். அவன் வாயைத் திறக்கும்போது எறிந்து ஊட்டிவிடவேண்டும். காய்கறி அவனுக்கு ஆகாது.

இந்த ஆட்டத்தையே அமெரிக்காவுக்கான இரண்டாம் மாரியோவாக மாற்ற முடிவாயிற்று. இமாஜின் மாரியோவானான். தாய் லூயிஜியானாள். தந்தை காளான் தலையனான டோட் ஆனார். லீனா இளவரசியானாள். புத்தகக் கதை நீக்கப்பட்டு, மாரியோ கண்ட கனவு என்று புதுக்கதை சேர்க்கப்பட்டது. மாமு 'வார்ட்' எனப் பெயர் மாறினான். உருவ மாற்றங்களோடு நில்லாமல் ஆட்டத்திலும் கைவைத்தனர். ஓடும் வசதி புதிதாக வந்தது. அடிபட்டு உயிர் குறைந்தால் உருவம் சிறுத்துப்போகும் மாரியோ மரபும் வந்தது. மூலத்தில் எறிவதற்கிருந்த மனிதத் தலைகள் ஆமையோடுகளாயின. ஒரு நண்டு அரக்கன் புதிதாகச் சேர்க்கப்பட்டான். மூலத்தில் உண்மையான முடிவைக் காண நால்வரையும் கொண்டு தனித்தனியே ஆட்டத்தை முடிக்கவேண்டும். அமெரிக்கப் பதிப்பிலோ ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் விரும்பியவரைத் தெரிவு செய்துகொள்ளலாம்.

1988 அக்டோபரில் வெளியான இவ்வாட்டம் எழுபது இலட்சத்துக்கும் மேல் விற்றது. அதே மாதம் 23ஆம் நாள் ஜப்பானில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' வெளியானது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. ஒரே மாதத்தில் ஒரு நாடு இரண்டாம் பாகத்தையும், மற்றொரு நாடு மூன்றாம் பாகத்தையும் பெற்றன!

வழக்கும் வாதங்களும்

அமெரிக்க ஆட்டத்துக்கு எதிரான வாதம் வலிமையானது. வட்டிலிருந்து கேட்ரிட்ஜுக்கு மாற்றப்பட்ட, முகங்கள் மட்டும் திருத்தப்பட்ட ஓர் ஆட்டம் கருவிபெயர்ப்பன்றி வேறென்ன? ஆக்கியவர்கள் மாரியோவின் இரண்டாம் பாகம் என்று எண்ணித் தொடங்காத ஒன்றுக்கு, விற்பனைக்காக அப்பெயரைச் சூட்டியதைத் தொடர்ச்சி என்பது எப்படி?

எதிர்வாதமும் இளைத்ததன்று. டோக்கி டோக்கி பானிக் அந்நியர் வீட்டுப் பிள்ளையன்று. தனாபே 2011ல் அளித்த நேர்காணலில் அதன் தோற்றத்தை விளக்கியிருக்கிறார். முதலில், இருவர் சேர்ந்து பொருட்களை அடுக்கியும், ஒருவரையொருவர் தூக்கி எறிந்தும் மேல்நோக்கி ஏறும் ஒரு முன்மாதிரி உருவாயிற்று. ஒருவர் தனித்து ஆடும்போது அதில் சுவை குன்றியது. அதைக் கண்ட மியாமொட்டோ, பக்கவாட்டில் நகரும் முறையையும் கலந்து, இன்னும் சற்று மாரியோவைப் போல ஆக்குமாறு ஆலோசனை சொன்னார். அம்முன்மாதிரியே பின்னர் டோக்கி டோக்கி பானிக்காக வளர்ந்தது. அதற்கும் இசை அமைத்தவர் கொண்டோவே. மாரியோவின் நட்சத்திரமும் 'பவ்' கட்டையும் மூலத்திலேயே இருந்தன. ஆக, வேடமிடுமுன்பே முகச்சாயல் இருந்தது எனலாம்.

இன்னொரு முரண்நகையும் உண்டு. 'உண்மையான' இரண்டாம் பாகம் எனப்படும் ஜப்பானிய ஆட்டத்தைக் கூர்ந்து நோக்குங்கள். அதே இயங்கமைப்பு, அதே விதிகள், கடினமான புதிய கட்டங்கள். அவற்றுள்ளும் சில, 1986ல் வணிகக் கூடங்களுக்கென வந்த 'விஎஸ் சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்ற பதிப்பில் உள்ளவையே. தொடர்ச்சி என்றால் முன்னே செல்வது என்று பொருள்கொண்டால், வேடதாரியான அமெரிக்க ஆட்டமே புதிய நிலங்களுக்குச் சென்றது. உரிமையுள்ள ஜப்பானிய ஆட்டம் பழைய வீட்டிலேயே புதிய முட்களைப் பரப்பியது!

நம் இலக்கண மரபில் இதற்குச் சொற்கள் உண்டு. நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுப்பார். முதல்நூலின் பொருளோடு முழுதும் ஒத்துச்சென்று, பின்னோன் வேண்டிய வேறுபாடுகளைச் சேர்ப்பது வழிநூல். இவ்விரண்டோடும் ஒருபுடை ஒத்து, பலவகையில் மாறுபடுவது சார்புநூல். இவ்வளவுகோலின்படி ஜப்பானிய ஆட்டம் ஐயமற வழிநூல். அமெரிக்க ஆட்டமோ டோக்கி டோக்கி பானிக்குக்கு வழிநூலாகவும், மாரியோவுக்குச் சார்புநூலாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. வாசகன் அதை எந்த முதல்நூலோடு சேர்த்து வாசிக்கிறான் என்பதைப் பொறுத்து அதன் குலம் மாறுகிறது.

அப்படியானால் தீர்ப்புச் சொல்வது யார்? ஆக்கியவரா, விற்றவரா, விளையாடியவரா?

பின்வந்தவை சொல்லும் சாட்சி

என் கருத்தில், ஒரு படைப்பு எதிலிருந்து வந்தது என்பதைக் கொண்டு மட்டும் இவ்வழக்கை முடிக்க இயலாது. அதற்குப்பின் வந்தவை அதிலிருந்து எதைப் பெற்றன என்பதையும் பார்க்கவேண்டும். வாரிசுரிமை பிறப்பினால் கிடைக்கலாம். தத்து எடுப்பதாலும் கிடைக்கலாம். தத்துப்பிள்ளை வீட்டுக்கு உரியவனானதற்குச் சாட்சி அவன் பெற்ற பேரப்பிள்ளைகள்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 1986ல் சேகாவுக்காக 'வொண்டர் பாய்' என்ற ஆட்டம் வெளிவந்தது. ஹட்சன் நிறுவனம் அதே ஆண்டில் அதை ஃபாமிகாமுக்குப் பெயர்த்து, நாயகனை மட்டும் மாற்றி வெளியிட்டது. அமெரிக்காவில் அது 'அட்வென்ச்சர் ஐலண்ட்' எனப்பட்டது. செய்கை ஏறத்தாழ அதேதான்: முகத்தை மாற்றிய கருவிபெயர்ப்பு. ஆனால் அதன் பின்வந்த பாகங்கள் மூல வீட்டுக்குத் திரும்பவில்லை. தனிக்குடித்தனம் சென்று தனித்தொடராயின. ஒரே வகைச் செய்கை, ஒன்றில் புதுக்குலத்தைத் தோற்றுவித்தது. மற்றொன்றில் பழைய குலத்தோடு கலந்தது. பிறப்பை மட்டும் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்காது.

இனி இரண்டாம் மாரியோவின் வழித்தோன்றல்களைப் பார்ப்போம். கனவுத் தொழிற்சாலையில் பிறந்த முகமூடி எதிரியான 'ஷை கை' 1995ல் யோஷியின் தீவுக்குக் குடிபெயர்ந்தான். இன்று மாரியோ உலகின் நிலையான குடிமகன். நடந்துவரும் வெடிகுண்டான 'பாப்-ஆம்ப்' மூன்றாம் பாகத்திலேயே இடம்பிடித்துவிட்டது. முட்டை உமிழும் 'பேர்டோ' டென்னிஸ் ஆடினாள், கார் ஓட்டினாள். மாமு தன் ஜப்பானியப் பெயருடனேயே 1993ஆம் ஆண்டின் செல்டா ஆட்டமொன்றில் தலைகாட்டினான். அதன் கதையும் கனவைப் பற்றியதே. கதையாக்கத்தில் தனாபேவுக்கும் பங்குண்டு. லீனாவின் காற்றில் மிதக்கும் திறன் இளவரசியின் நிலையான இயல்பாயிற்று. 2013ல் வெளியான 'சூப்பர் மாரியோ 3டி வேர்ல்ட்' அதே நால்வரை, தனித்தனி இயல்புகளுடன் மீண்டும் களமிறக்கியது.

எல்லாவற்றினும் வலிய சாட்சி ஜப்பானிலிருந்தே வந்தது. 1992 செப்டம்பர் 14 அன்று நிண்டெண்டோ அமெரிக்க ஆட்டத்தை 'சூப்பர் மாரியோ யூஎஸ்ஏ' என்ற பெயரில் ஜப்பானில் வெளியிட்டது. மூலம் பிறந்த மண்ணில், மூலத்தை முன்பே அறிந்த மக்களிடையே, வேடமிட்ட பிள்ளை தன் புதிய பெயருடன் வீடு திரும்பினான்! மறுபுறம், 1993ல் நான்கு ஆட்டங்களைப் புதுப்பித்துத் தந்த 'சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ்' தொகுப்பில், ஜப்பானிய இரண்டாம் பாகம் முதன்முறையாக மேற்குலகை அடைந்தது. ஆனால் '2' என்ற எண் அங்கு அதற்குக் கிடைக்கவில்லை. 'தொலைந்துபோன கட்டங்கள்' என்ற பொருளில் 'தி லாஸ்ட் லெவல்ஸ்' எனப்பட்டது. அதன் மூல வடிவம் மேற்கே கிடைக்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது லூயிஜியிடம் வருவோம். மாரியோவைவிட உயர்ந்து மெலிந்த உருவம். கால்களை உதறிக்கொண்டே நெடுநேரம் நீளும் குதிப்பு. இவை அமெரிக்க ஆட்டத்தில், இமாஜினின் தாயிடமிருந்து அவருக்கு வந்தவை. அண்ணனைவிட உயரக் குதித்தாலும் தரையில் கால் நில்லாமல் வழுக்கும் இயல்போ 1986ஆம் ஆண்டின் ஜப்பானிய ஆட்டம் தந்தது. பிற்காலத்து லூயிஜியிடம் இவ்விரண்டும் பிரிக்கவொண்ணாதபடி கலந்திருக்கின்றன. வழக்காடிய இரு வாரிசுகளின் சொத்தும் ஒரே பேரனிடம் வந்து சேர்ந்துவிட்டது!

தீர்ப்பில் விடுபட்டவர்கள்

ஆகவே, அமெரிக்க ஆட்டம் பிறப்பால் கருவிபெயர்ப்பு. வாழ்வால் இரண்டாம் பாகம். ஜப்பானிய ஆட்டமும் உரிமை இழக்கவில்லை. 'இரண்டில் எது' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியே ஒரு குலத்துக்கு ஒரே வழிதான் இருக்கமுடியும் என்ற எண்ணத்தில் எழுவது. வரலாறு அவ்வளவு சிக்கனமாக நடந்துகொள்வதில்லை.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. தத்துப்பிள்ளைக்கு வீடு கிடைத்தது. அவன் பழைய குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? இமாஜினும் அவன் தாய்தந்தையரும் லீனாவும் அதன்பின் எந்த மாரியோ ஆட்டத்திலும் நாயகராக வரவில்லை. அவர்களுடைய ஆற்றல்கள் வாழ்கின்றன. அவர்கள் எதிர்த்து நின்ற பகைவர்கள்கூட வாழ்கிறார்கள். முகங்கள் மட்டும் மறைந்தன. குழந்தைகளைத் தேடிப் புத்தகத்துக்குள் புகுந்தவர்கள் திரும்பி வரவேயில்லை போலும்.

உண்மையான தொடர்ச்சி எது என்று தேடுவோர் வெற்றி பெற்றவரின் வழியை மட்டுமே பின்பற்றிச் செல்கின்றனர். இரண்டாம் மாரியோவின் கதையை முழுமையாகச் சொல்ல விரும்புவோர் '2' என்ற எண் தாங்கிய இரண்டு ஆட்டங்களோடு, எந்த எண்ணும் தாங்காத மூன்றாவது ஆட்டத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும். கிழிந்துபோன அந்தக் கடைசிப் பக்கத்தில் எழுதவேண்டிய பெயர் இமாஜினுடையது.